ஓடைக்கு மேலே ஒரு பூண்டுத் தோட்டம்

மறுபடியும் சிவப்பு.

யூரியாவைக் குறைத்துப் பார்த்தான். வரப்பெல்லாம் புல் நட்டதாகப் போட்டுப் பார்த்தான். மழையைக்கூடக் கொஞ்சம் குறைத்து ஓட்டினான்.

திரையில் ஓடை நீலமாக இருந்தது. காடு பச்சை. ஓடைக்கு மேலே அந்த ஒரு துண்டு மட்டும் சிவப்பு.

இந்திராணி அக்காவின் பூண்டுத் தோட்டம்.

மழை பெய்தால் எந்தத் தோட்டத்திலிருந்து எவ்வளவு மண்ணும் உரமும் ஏரிக்குப் போகிறது என்று கணக்குப் போடுகிற மென்பொருள் அது. அதை ஓட்டுவதுதான் அவன் வேலை. ஏரித் தண்ணீரைத்தான் கீழே ஊரே குடிக்கிறது. சிவப்பாக வருகிற நிலத்தில் இனி விவசாயம் கிடையாது, மரம்தான் என்று போன வாரம் உத்தரவு வந்துவிட்டது. அக்காவிடம் பட்டாவும் இல்லை. கேட்க நாதியில்லை.

தோட்டங்களை அளக்க ஆட்கள் போனபோது இந்த உத்தரவு இல்லை. மண் அரிக்கிற தோட்டத்துக்கு அரசாங்கம் கல்சுவர் கட்டித் தரப்போகிறது என்று ஊரில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

அக்கா விடுவாளா!

வந்தவர்களைக் கையோடு கூட்டிப்போய், இருப்பதிலேயே செங்குத்தான இடத்தைக் காட்டியிருக்கிறாள். ரெண்டு மூட்டை உரம் போடுகிறவள் நாலு மூட்டை என்றிருக்கிறாள். ஒரு மழைக்குப் பாதித் தோட்டம் ஓடையில் போயிருது சார் என்று அழுதும் காட்டியிருக்கிறாள். அவர்களுக்கு டீ வேறு.

அடிப் பாவி அக்கா.

அவள் சொன்ன பொய்யையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தான். அவன் ஓடித் திரிந்த மேடுதான் அது, சரிவு அவன் காலுக்கே தெரியும். உள்ளதை உள்ளபடி போட்டான்.

அப்போதும் சிவப்பு. கொஞ்சம் வெளிறியிருந்தது, அவ்வளவுதான்.

பொய்யே சொல்லியிருக்க வேண்டாம் அவள்.

இனி அவன் சொல்லலாம் ஒரு பொய். ஆனால் ஓடையில் கலங்கல் அளக்கிற கருவி இருக்கிறது. அடுத்த மழைக்கு அது காட்டிக்கொடுத்துவிடும். உரம் கலந்து ஏரியில் படர்ந்திருக்கிற பாசியை அவனே போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தான்.

பயிர் என்ற இடத்தில் பூண்டை எடுத்துவிட்டு மரம் என்று போட்டான். நொடியில் பச்சையாகிவிட்டது.

பாழாய்ப்போன பச்சை. அதில் அக்கா எதைத் தின்பாள்?

போன் அடித்தது. அக்காதான். உத்தரவு விஷயம் இன்னும் அவள் காதுக்குப் போகவில்லை.

"தம்பி, லிஸ்டுல நம்ம தோட்டம் வந்துருச்சாடா?"

திரையைப் பார்த்தான்.

"வந்துருச்சுக்கா."

"ஏய், நம்ம தோட்டம் வந்துருச்சாம்!" என்று அந்தப் பக்கம் யாரிடமோ கத்தினாள். சிரிப்பும் அழுகையுமாக இருந்தது குரல். "என் தம்பி இருக்கையில வராமப் போயிருமா?"

பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு அவனிடம் திரும்பினாள்.

"கல்லு எப்பப்பா வந்து எறங்கும்?"