புதன்கிழமை ஊசி

"பேர் என்னங்க?" என்று நர்ஸ் சூசைமேரி கேட்டதற்கு அந்த ஆள் பதில் சொல்லவில்லை. கைக்குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு தடுப்பூசி அட்டையை மட்டும் நீட்டினான். முகத்தை மாஸ்க் மறைத்திருந்தது.

வாய் பேச வராது போலிருக்கு, பாவம் என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிரவீனா நினைத்துக்கொண்டாள்.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்துக் கிராமம் அது. புதன்கிழமையானால் அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு ஊசி. எப்போதும் உட்கார இடம் கிடைக்காது. இன்றைக்கு வந்ததே இரண்டு பேர்தான். பிரவீனாவும் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வந்திருந்தாள். மடியில் ஒன்பது மாச நிதீஷ். இருப்பதா போவதா என்று தெரியாமல் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

"ஏனுங் சிஸ்டர், இதுக்கு ஒரு பதில் சொல்லிப்போடுங்க. அப்பறம் இவனுக்குப் போட்டுக்கறேன்" என்று போனைத் தட்டினாள்.

மூணு வாரமாக அந்தச் சுத்துவட்டார வாட்ஸ்அப் குரூப்புகளில் எல்லாம் ஓடுகிற குரல்தான்.

"ஏனுங்க அம்மணி, ஒரு நிமிசம் நில்லுங்க. கொழந்தையத் தூக்கிட்டு ஊசிக்குத்தானுங்க கெளம்பறீங்க? பெருந்துறையில ஒரு கொழந்தைக்கு ஊசி போட்டு, மூணாம் நாளே கையும் காலும் வெளங்காமப் போயிருச்சுங்க. உங்க கொழந்தையும் என்ற கொழந்தை மாதிரித்தானுங்க. அதனால சொல்றனுங்க."

அந்த ஆள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தோளில் குழந்தை சிணுங்கியது. அதன் காதோரம் முகத்தைக் கொண்டுபோனான், சிணுங்கல் நின்றுவிட்டது.

"பெருந்துறையில இருக்கற என்ற சிநேகிதிகிட்ட விசாரிச்சேன் அம்மணி" என்றார் சூசைமேரி. "அங்க, கிணத்துக்கடவுல ஒரு கொழந்தைக்கு அப்படி ஆச்சுன்னு பேசிக்கறாங்களாமா. எந்தக் கொழந்தை, எந்தத் தேதின்னு கேட்டா ரெண்டு ஊருலயும் ஒருத்தருக்கும் தெரியல."

"அப்ப ஊசியால ஒண்ணுமே ஆகாதுங்களா?"

"காய்ச்சல் வரும், ரெண்டு நாள்ல போயிரும். எத்தனையோ கோடி கொழந்தைகளுக்குப் போட்டு, யாருக்கு என்ன ஆச்சுன்னு எழுதி வெச்சுப் பாத்துத்தான் சொல்றாங்க. இந்த ஊசி போடாம விட்டுத் தட்டம்மை வந்தா அப்படி இல்ல கண்ணு. நெஞ்சுல எறங்குச்சுன்னா மூச்சே திணறிப் போயிரும்."

"ஆனா இவரு திட்டறாருங்களா, மெரட்டறாருங்களா? எத்தனை மரியாதையாப் பேசறாரு. இப்படிப் பேசற மனுசன் பொய் சொல்வாருங்களா?"

"நம்மூருல திருடன்கூட 'வாரேனுங்க'ன்னு சொல்லிட்டுத்தான் போவான்."

பிரவீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, நிதீஷின் அட்டையை மேசையில் வைத்தாள்.

அந்த ஆள் நீட்டிய அட்டைக்குள் மடித்து வைத்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை நர்ஸ் பிரித்துப் படித்தார். நிமிர்ந்து அந்த ஆளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெரியவளுக்கு இப்ப மூச்சு பரவாயில்லீங்களா?"

அவன் கையை அப்படியும் இப்படியுமாக அசைத்தான்.

"சரி, சின்னவளையாச்சும் நேரத்துக்குத் தூக்கிட்டு வந்தீங்களே."

ஊசி இறங்கியது. குழந்தை வீறிட்டது. நர்ஸ் தாழ்ந்த குரலில் பேசியதில் பிரவீனா காதில் விழுந்தது பாதிதான். பெரியவள், மூச்சு. மேசையில் ஆஸ்பத்திரிச் சீட்டு வேறு.

"அந்தப் பெரிய பாப்பாவுக்கு என்னங்க? இதே ஊசி போட்டுத்தான் அப்படி ஆயிருச்சுங்களா?"

"அடுத்தவங்க ஊட்டுச் சீட்டை நான் சொல்லக்கூடாது அம்மணி. அவரையே கேளுங்க."

பிரவீனா அவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்ணும் நிறைந்து வழிந்தன.

அவளுக்கு அது போதும்.

"வேண்டாமுங்க சிஸ்டர். என்ற பையன் எனக்கு முழுசா வேணும்." நிதீஷை வாரி எடுத்தாள். அட்டையைக்கூட வாங்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தாள். "நில்லு கண்ணு" என்று நர்ஸ் கூப்பிட்டது எடுபடவில்லை.

தென்னந்தோப்பு வழியில் அவள் திரும்பும்போது பின்னால் யாரோ ஓடி வரும் காலடி. கூடவே ஊசி போட்ட குழந்தையின் அழுகை.

பிரவீனாவின் போன் பைக்குள் அணைந்துதான் கிடந்தது. ஆனாலும் மூணு வாரமாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான அந்தக் குரல், மூச்சிரைக்க, அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"ஏனுங்க அம்மணி, ஒரு நிமிசம் நில்லுங்க."