மூக்கால் பார்த்த வயது

டாக்டர் சாராளின் அறையில் நாற்காலி ஒன்றுதான். அதில் பெரியவர் அம்மாவாசி உட்கார்ந்துகொண்டார். டாக்டர் நின்றார்.

பெஞ்சில் பெரியவரின் தம்பி ஒச்சாண்டி, பெண்ணின் தகப்பன். மிச்ச இடத்தை அவருடைய துண்டு பிடித்துக்கொண்டதால் தாய் மொக்கம்மாள் தரையில். மடியில் எட்டு வயதுப் பஞ்சம்மாள்.

கதவோரம் நான். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று கூட்டி வந்திருந்தார்கள்.

பிள்ளையின் வேர்வையில் பெரியாள் வாடை. நெற்றியில் நாலு பரு. இவ்வளவுதான். அவள் சடங்காகப் போகிறாள் என்று பெரியவர் மோந்தே கண்டுபிடித்துவிட்டார். ஒதுக்கி உட்காரவைக்கும் குச்சிலுக்குத் தென்னோலையும் வெட்டியாயிற்று. உத்தமபாளையம் தாலுகாவில் இப்படி ஒரு மூக்கு வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

அதற்குள் தாய்மாமனுக்குக் கட்டிவிட வேண்டுமாம். பதினாலு வயதுக்குள் பெண்ணைக் கட்டக் கூடாதென்ற சட்டமா? குமுளி தாண்டி, அது செல்லாத திருவிதாங்கூரில் வைத்துத் தாலி கட்டினால் போயிற்று.

மாப்பிள்ளைக்கு வயது இருபத்தொன்பது. மீசையில் நரை. பெரியவர் முன்னால் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அவனை யாரும் மோந்து பார்க்கவில்லை.

மதுரையில் எடுத்த எக்ஸ்ரே படத்தை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"மணிக்கட்டு எலும்பு எட்டு வயசு எலும்புதான். மூத்திரம் பிரிக்கிற குண்டிக்காய்க்கு மேல சின்னதா ஒரு சுரப்பி இருக்கு. சில பிள்ளைகளுக்கு அது முந்தியே வேலையை ஆரம்பிச்சிடும். வாடை, பரு எல்லாம் அதனாலதான். இவ பெரியவளாக இன்னும் பல வருஷம் கிடக்கு. மதுரை போர்டிங் பள்ளிக்கூடத்துல விடுங்க. பக்கத்து ஆஸ்பத்திரியில அப்பப்பப் பாத்துக்கிடுவாங்க."

பெரியவர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"ஏலே ஒச்சா, இந்தம்மா கறிக்கடைக்காரன் கணக்கால்ல குண்டிக்கா பேசுறாக! அங்கன ஓலை காயுதுடா, எந்திரி."

அண்ணன் சிரித்ததால் தம்பியும் சிரித்தார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

"தம்பி, நீயாச்சும் ஒரு வார்த்தை சொல்லேன்ப்பா," என்றாள் மொக்கம்மாள் என்னைப் பார்த்து.

டாக்டரின் மேஜையில் காகிதமும் உறையும் இருந்தன. நின்றபடியே எழுதினேன். எழுதியதை உரக்கப் படித்தேன்.

"கனம் போர்டிங் தலைமையாசிரியை அம்மாளுக்கு. பஞ்சம்மாளைச் சேர்த்துக்கொள்ளவும். அவளுக்குப் பேசியிருக்கும் தாய்மாமன் நான்தான். அவளைக் கட்டமாட்டேன். என் உரிமையை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். மாமன் விடாதவரை எங்கள் வழக்கத்தில் வேறெவனும் அவளைக் கேட்க முடியாது. அவள் படிக்கட்டும்."

பெரியவரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"மாப்ளே..." என்றார்.

உறையை எச்சில் தொட்டு ஒட்டி, மதுரை பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த கம்பவுண்டரிடம் கொடுத்தேன்.