மதியம் வருகிறவள்

"அப்படி என்ன தெரிஞ்சவங்க டீச்சர்? யாருன்னு சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

அடுத்த கட்டிலில் இருந்த டீச்சர் சிரித்து மழுப்பினார். தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதியோர் இல்லத்தில் இருவருக்கும் ஒரே அறை. மருமகள் புராணத்திலிருந்து மூட்டுவலி வரை எல்லாம் பங்குபோட்டுப் பேசித்தான் பொழுது போனது. இப்போது வாராவாரம் டீச்சரைப் பார்க்க ஒருத்தி வருகிறாள். தையல்காரி மதியம் தூங்கும் நேரத்தில் வந்து, எழுவதற்குள் போய்விடுகிறாள். பெற்ற மகள் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசுகிறாள் என்று பெருக்க வரும் ஆயாதான் சொன்னாள்.

வீட்டுக்கு அழைத்துப் போகத்தான் வருகிறாளோ? டீச்சரும் போய்விட்டால் இந்த அறையில் யாரோடு பேசுவது? தன்னைத் தேடி யாரும் வராதது பழகிவிட்டது. டீச்சரைத் தேடி ஒருத்தி வருவதுதான் பொறுக்கவில்லை. எவ்வளவு அற்பமான மனசு என்று அவளுக்கே தெரிந்தது, தெரிந்தும் அடங்கவில்லை.

அந்தக் கோபத்தில் அன்று சாப்பாட்டைத் தொடவில்லை. நர்ஸ் கொடுத்த சத்து மாத்திரையையும் வெறும் வயிற்றில் எதற்கென்று தலையணைக்கடியில் தள்ளினாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். வழக்கமாக அடித்துப் போடுகிற தூக்கம், பொறாமையாலோ என்னவோ, எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கதவு திறந்தது.

"இன்னிக்கும் தூங்கறாங்களா?" வந்தவளின் குரலில் சலிப்பு.

"சத்து மாத்திரைன்னு தூக்க மாத்திரையைக் குடுத்தா தூங்காம என்ன பண்ணுவா? டாக்டர் எழுதவே இல்ல. இவ ஓயாம பேசறது வார்டனுக்குத் தொந்தரவாம்."

"இவங்ககிட்டயே விஷயத்தைச் சொல்லிடலாமே டீச்சர்?"

"இவ வாயில எது நிக்கும்? நேரா வார்டன்கிட்ட சண்டைக்குப் போவா. அவங்க மாத்திரையை ஒளிச்சு வச்சுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிப்பாங்க."

"நீங்க குடுத்த புகார் எங்க முதியோர் உரிமை அலுவலகத்துல அப்படியேதான் இருக்கு. மாத்திரை சாப்பிடற இவங்களே தன் வாயால ஒரு வார்த்தை சொன்னாத்தான் நான் மேல எதுவும் செய்ய முடியும். என்னை உள்ள விடறதும் இந்த நேரத்துல மட்டும்தான்."

தையல்காரி இந்தப் பக்கம் புரண்டு, கண்ணைத் திறந்தாள்.

"இப்படி வந்து உக்காரும்மா. என்னைப் பாக்கத்தானே இத்தனை நாளா வந்துட்டிருக்கே?"