புளோயர் நிக்கிற நேரம்

"மறுபடியும் டிரிப்பு. உடனே கிளம்பி வாய்யா."

மேனேஜர் போனை வெச்சதும் டிரைவ்காரர் அவரை மாதிரியே மூக்கால ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "கெளம்பி வாய்யா." அச்சு அசல். சிரிக்கத்தான் வீட்டுல ஆள் இல்லை. சம்சாரம் போய்ச் சேர்ந்ததுல இருந்து அவர் மிமிக்ரிக்கு ஒரே ரசிகர், ஷேவிங் கண்ணாடிதான்.

டிரைவ்காரர்னதும் லாரி ஓட்டறவர்னு நினைச்சிடாதீங்க. ஃபேக்டரியில பெரிய மோட்டார் பக்கத்துல ஒரு பெட்டி மாட்டியிருப்பாங்க. எவ்வளவு வேகமா சுத்தணும், எப்படி மெதுவாகி நிக்கணும்னு மோட்டாரை அதட்டற பெட்டி. அதுதான் டிரைவ். அதுக்கு வர்ற காய்ச்சல், வயித்து வலியைப் பார்க்கற டாக்டர் இவர்.

பையைத் தூக்கிட்டு ஓடினார். மூஞ்சியில கல்யாண வீட்டுக்குப் போற களை.

மேனேஜர் கேட்லயே பிடிச்சுக்கிட்டார். பெயின்ட் காயறதுக்குக் காத்தடிக்கற புளோயரை சாப்பாட்டு நேரத்துக்கு நிறுத்தினா, டிரைவ் தானா கட் ஆகி டிரிப் ஆயிடுதாம். அப்புறம் ஸ்டார்ட் பண்ண முடியலையாம். பெயின்ட் அடிச்ச கதவெல்லாம் காயாம வரிசை கட்டி நிக்குதாம். வாரா வாரம் இதே கூத்துன்னு ஒரு பாட்டம் புலம்பிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"யாரோ கை வைக்கிறான்யா. புளோயர் ரூம்ல இருக்கறது ஒரே ஆளு. அவன்தான்னு ஒரு வார்த்தை சொல்லு. இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

பார்த்துச் சொல்றேன் சார்னுட்டு இவர் உள்ளே போனார்.

புளோயர் ரூம் ஆபரேட்டர் வாயில கொழுக்கட்டை வெச்ச ஆளு. பேசவே மாட்டார். ஸ்டூலைத் துடைச்சுப் போட்டுட்டு, டிபன் பாக்ஸோட ஓரமா தரையில உக்காந்தார்.

இவருக்கு அது போதாதா. பேனலைத் திறந்த கையோட வாயையும் திறந்துட்டார். மேனேஜர் புலம்பற மாதிரி, மேனேஜருக்கு அவர் சம்சாரம் பதில் சொல்ற மாதிரி, எதிர்வீட்டு ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாம இருமற மாதிரின்னு பேசிக்கிட்டே கேபிளை எல்லாம் இழுத்துப் பார்த்தார். டைட்டாத்தான் இருந்துச்சு. மீட்டர் வெச்சார். கரண்டும் ஒழுங்கு. ஆபரேட்டர் வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார்.

அப்புறம், இத்தனை வாரமா பேச்சு மும்முரத்துல பார்க்காம விட்ட செட்டிங்கைப் பார்த்தார்.

புளோயர் காத்தாடி ஆள் உயரம். அது ஓடற ஓட்டத்துல சட்டுனு நில்லுன்னா நிக்குமா? மோட்டார் முறுக்கிக்கிட்டு கரண்டைத் திருப்பி டிரைவ் மேலயே தள்ளும். டிரைவ் தாங்காம கையை விரிச்சிடும். அதனாலதான் பெட்டி மாட்டினப்பவே நிக்கிற நேரத்தை நல்லா இழுத்து வெச்சுட்டுப் போயிருந்தார். இப்ப அதைப் பாதிக்கும் கீழே குறைச்சிருக்கு. அது தானா குறையாது.

அவர் பேச்சு நின்னுபோச்சு.

"நீதானேய்யா?"

ஆபரேட்டர் டிபன் பாக்ஸ் மூடியையே பார்த்தார்.

"இந்த செட்டிங்கை உனக்கு வாய் கிழிய விளக்கிச் சொன்னதே நான்தான். எனக்கேவா?"



கோவமா ரெண்டு வார்த்தை கேக்கலாம்னுதான் வாயெடுத்தார். ரூமைச் சுத்திப் பார்த்ததும் மனசு வரலை. ஜன்னல் கிடையாது. புளோயர் ஓடினா பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது. ஒத்தை ஸ்டூல். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒத்தை ஆளு.

பாவம், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமத்தான் இப்படிப் பண்றான்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு. புரியாதா பின்னே? டிவியில நியூஸ் வாசிக்கறவர் வணக்கம் சொன்னா, பதிலுக்கு வணக்கம் சொல்லிட்டு உக்கார்றவராச்சே.

நேரா மேனேஜர்கிட்ட போனார். மத்த மெஷினெல்லாம் சாப்பாட்டுக்கு நிக்கிறப்ப லைன்ல கரண்டு எகிறுது, பெட்டி தாங்கலை, அந்த ஆளு மேல தப்பே இல்லைன்னு கூசாம ஒரு பொய்யை விட்டார். எதுக்கும் யாரும் தொடாத மாதிரி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிடறேன்னார்.

"இனிமே வராதுல்ல?"

"வரவே வராது சார்."

திரும்பி வந்து செட்டிங்கைச் சரி பண்ணி, பாஸ்வேர்டும் போட்டு முடிச்சார். பெரிய மனுஷன் தோரணையில ஆபரேட்டர் தோள்ல கையைப் போட்டார்.

"உன்னைக் காட்டிக் குடுக்கலைய்யா. தனியா கிடக்கறது மனுஷனை எப்படி அரிக்கும்னு எனக்குத் தெரியும். பேசணும் போல இருந்தா ஒரு போனைப் போடு. பொழப்புல விளையாடாதே."

ஆபரேட்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"தனியாவா? நானா? எங்க வீட்டுக்கு வந்து பாருங்கண்ணே. அம்மா, மாமியார், மூணு பொண்ணுங்க, போதாக்குறைக்குத் தங்கச்சி குடும்பம். ஆளுக்கு ஒரு பக்கம் கத்துவாங்க. இந்தப் புளோயர் சத்தம்தான் என் காதுக்கு ரெஸ்ட்டு."

"அப்புறம் ஏன்யா இதைப் பண்ணினே?"

"அண்ணி தவறின பிறகு ஒரு தடவை இங்கே வேலைக்கு வந்தீங்க. வேலை சீக்கிரமே முடிஞ்சுது. நீங்க கிளம்பலை. பொழுது சாயற வரைக்கும் பேசினீங்க. போறப்ப, வாய்விட்டுப் பேசி எத்தனை நாளாச்சுன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டீங்க."

டிரைவ்காரர் பையை மூடற மாதிரி குனிஞ்சுக்கிட்டார்.

"அதுக்கப்புறம் வீட்டுக்குச் சாப்பிட வாங்கன்னு எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்? கூப்பிடறப்பெல்லாம் நிறைய வேலை இருக்குன்னீங்க. டிரிப்புன்னாத்தான் ஓடி வர்றீங்க."

ஆபரேட்டர் சாப்பாட்டுல பாதியை மூடியில வெச்சு அவர் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப அதையும் பூட்டிட்டீங்க. அடுத்த வாரம் என்ன சொல்லிண்ணே உங்களைக் கூப்பிடறது?"