கப்பலில் வந்தவன்

ரங்கூனில் குண்டு விழுந்த மார்கழியில் பரந்தாமன் தன் மனைவிக்கு எழுதிக் கேட்டிருந்தான்: கப்பலில் வருவதா, காட்டு வழியே நடந்து வருவதா? வள்ளிநாயகி திருத்தணி மலையேறி, முருகன் சன்னிதியில் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பூக்களைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு ஒன்றை எடுத்தாள். வெள்ளை வந்தது, கப்பல். மனம் கேளாமல் மறுபடி போட்டாள். சிவப்பு வந்தது, நடை. கப்பல் என்றே பதில் எழுதினாள்.

மாசியில் அவன் கப்பலில் வந்து சேர்ந்தான். மலையில் மொட்டை போட்டுக்கொண்டு, பழையபடி தறியில் உட்கார்ந்தான்.

பங்குனியில் அவன் கையெழுத்திலேயே ஒரு கார்டு வந்தது. கப்பலில் இடம் கிடைக்கவில்லை, நடந்து வருகிறேன் என்றிருந்தது. முன்னால் போன யாரோ கல்கத்தாவில் தபாலில் சேர்த்திருந்தார்கள்.

“இன்னா பாவா இது?” என்று புருஷனிடம் நீட்டினாள்.

“என் எழுத்துதான். பாவம், கால் வீங்கிப்போச்சாம் எனக்கு. வெறும் அவலைத் தின்னுகினு வரேனாம்.”

“இங்க மட்டும் மூணு வேளை சோறு கேக்குதாக்கும்,” என்று அவள் சிரிக்கப் பார்த்தாள்.

மேலும் நாலு கார்டுகள் வந்தன. ஒவ்வொன்றையும் படித்துவிட்டு அவன் களைத்துப்போய்ப் படுத்துக்கொண்டான்.

வைகாசியில் வந்தது வேறு கையெழுத்து. மணிப்பூர் முகாமில் பரந்தாமன் காலராவில் இறந்துவிட்டதாக, உடன் நடந்து வந்தவர் எழுதியிருந்தார். இங்கே இவன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். இது தெரிந்தால் இவனும் போய்விடுவான் என்று பட்டது அவளுக்கு. கார்டை அடுப்பில் போட்டு, எரிந்து முடியும்வரை பார்த்திருந்துவிட்டு, சோறு போட்டாள்.

“கார்டு எதுனா வந்துச்சா?”

“வரலியே, பாவா.”

அவன் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டான்.

“அப்போ இன்னும் நடந்துகினுதான் இருக்கேன்.”