கிணற்றின் முதல் குவளை

ஓர் ஊரின் தண்ணீரைச் சோதித்து நல்லது என்று சொல்லும் ஆய்வாளர், தன் குடும்பத்தோடு அங்கேயே தங்கி மூன்று மாதம் அதையே குடிக்க வேண்டும். பிறகு அவர்களுடைய ரத்தம் சுத்தமாக இருந்தால்தான் ஊருக்குக் கிணற்றைத் திறப்பார்கள். இந்தச் சட்டம் வந்தபோது கைதட்டியவர்களில் நீர் ஆய்வாளரான ஜரீனாவும் ஒருத்தி.

அவளுக்குக் குடும்பம் என்றால் ஐந்து வயது மகள் அஃப்ரா மட்டும்தான். தோல் ஆலைக் கழிவால் கெட்டு, ஆலைகள் மூடி இருபது ஆண்டுகளாகியும் யாரும் தொடாத ஒரு கிணற்றை இப்போது நல்லது என்று அவளே சொல்லியிருந்தாள்; அந்த நீரை மகளிடம் நீட்டியவள், குவளையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தாள்.

"இன்னா ஆபீசரம்மா, உங்க சோதனை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லியா?" என்றாள் பக்கத்து வீட்டுத் தனபாக்கியம்.

"சோதனை சரிதான்க்கா. ஆனா குடிக்கப்போறது என் பொண்ணாச்சே."

அஃப்ரா மடமடவென்று குடித்துவிட்டு விளையாட ஓடினாள். அதன்பின் மகள் தும்மினால்கூட ஜரீனா ஓடிவந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மூன்று மாதம் கழித்து ஆய்வக வண்டி வந்தது. இருவர் ரத்தத்திலும் நஞ்சே இல்லை என்றார்கள். ஜரீனா மகளைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

வண்டிக்குள் ஏறிய தனபாக்கியமும் கையை நீட்டினாள். "எனக்கும் பாருங்கம்மா."

"உங்களுக்கு எதுக்குக்கா?" என்றாள் ஜரீனா.

"அன்னிலேர்ந்து உங்களுக்குத் தெரியாம நானும் இந்தத் தண்ணிதான் மொண்டு குடிக்கிறேன். நமக்காக ஒரு கொழந்தை குடிக்கிறப்போ, லாரித் தண்ணி எனக்குத் தொண்டையில எறங்குமா?"

அவள் ரத்தமும் சுத்தமாகவே இருந்தது. அன்று மாலை ஊரே குடங்களோடு கிணற்றடிக்கு வந்தது.