ஓடப் பழக்கியவர்

வவுனியாவில் சைக்கிள் கடை வைத்திருந்த லாபிரிடம் ஒருநாள் அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் தில்லைநாதன் வந்தார். வயிற்றைக் குறைக்கச் சைக்கிள் ஓடும்படி டாக்குத்தர் சொல்லிவிட்டாராம்.

"இதை எடுங்கோ ஐயா. சீற் மெத்தெண்டிருக்கும், ஹாண்டில் உயரம், முதுகு நோகாது."

"எடுக்கிறன். ஆனா எனக்கு ஓடத் தெரியாது. நீர்தான் பழக்கோணும்."

கடையிலேயே திறமான சைக்கிள் விலைபோகிற நேரம். லாபிர் ஓமென்றுவிட்டார்.

அன்றிலிருந்து காலைதோறும் கிளாக்கர் மிதிக்க, லாபிர் கரியரைப் பிடித்தபடி, தன் தொந்தி குலுங்க, குளக்கட்டு நெடுக ஓடினார். "நேரை பாருங்கோ! மிதியுங்கோ!" என்று கத்தினார். பிடியை விட்டால் கிளாக்கர் பற்றைக்குள் கிடந்தார்.

மாதங்கள் போயின. தன் சாரம் இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கவே, ஏதோ பொல்லாத வருத்தமென்று பயந்து லாபிர் அதே டாக்குத்தரிடம் போனார்.

டாக்குத்தர் சோதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வருத்தம் ஒண்டுமில்லை. வயிறுதான் நல்லா வத்தியிருக்கு. கடை முதலாளியல்லோ, ஒவ்வொரு நாளும் சைக்கிள் ஓடுறீர் போலை!"

லாபிர் வெளியே யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கெங்கை ஐயா சைக்கிள் ஓடத் தெரியும்? பின்னாலை ஓடத்தான் தெரியும்."